கேரியர் மாட்ட முடியாத சைக்கிள்

பாபு,

ஞாயிற்றுக்கிழமை நீ பேசி முடித்த பிறகும் போனை வைக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தேன். ரேவதிக்கு ஏழாம் மாதம், பனிக்குடத்தில் நீர் குறைந்திருக்கிறது, படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்பதையெல்லாம் நீ ஒரே மூச்சில் சொன்னாய். நான் புறப்பட்டு வரட்டுமா என்று கேட்டேன். ரேவதியின் அம்மா கூடவே இருக்கிறார்கள், தேவைப்பட்டால் கூப்பிடுகிறேன் என்றாய். அதுவரைக்கும் சரி. அப்புறம், "அம்மா, ஒண்ணே ஒண்ணு. எங்களுக்காக எதையும் வேண்டிக்காத," என்றாய். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பதில் பேசியிருப்பேன். நீ கெஞ்சுகிற மாதிரி சொன்னாய். பெற்றவளிடம் பிள்ளை சொல்கிற பேச்சா இது என்று வேறு யார் காதில் விழுந்திருந்தாலும் நினைத்திருப்பார்கள். நீ ஏன் கேட்டாய் என்று எனக்குத் தெரியும். எட்டு வருடமாக அந்தச் சைக்கிள் நம் இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டிருக்கிறது. நீயும் அதைச் சுற்றிக்கொண்டு போகிறாய், நானும் சுற்றிக்கொண்டு போகிறேன். எட்டு வருடம் முன்பு எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது. போனில் சொன்னால் நீ "சரி விடும்மா" என்று சொல்லிவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

உன் முதல் கியர் வண்டியைச் சொல்கிறேன், அந்தக் கரும்பச்சை. நீ பத்தாவது முடித்த கோடையில் உன் நைனா அரக்கோணத்தில் தன்னோடு வேலை பார்க்கிறவர் ஒருவரிடமிருந்து ரயிலில் போட்டுக் கொண்டுவந்தார். தண்டவாளத்தைப் பிடித்திருக்கிற இரும்புச் சாவிகளைச் சுத்தியலால் தட்டிக்கொண்டு நடக்கிற ரயில்வேக்காரர், பிள்ளைக்குக் கியர் சைக்கிள் வாங்கியிருக்கிறார் என்று தெருவே வந்து பார்த்தது. முன்சக்கரத்துக்கு மட்டும் ஷாக்கப்சர் இருந்தது. பின்பக்கம் ஒன்றும் கிடையாது, வெறும் இரும்பு. மஸ்தான் பாய் கடையில் அதற்கு ஒரு கேரியர் மாட்டச் சொன்னாய். இந்த மாதிரி வண்டிக்குக் கேரியர் மாட்டினால் அழகே போய்விடும் என்று பாய் சொன்னாராம். "அம்மா உட்காரணும் பாய்," என்று சொன்னாயாம். அதை பாய் என்னிடம் சொன்னபோது நான் சிரித்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

கனகம்மாசத்திரம் பள்ளிக்கூடத்துக்கு நான் ஏழே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தினமும் நீதான் கொண்டுபோய் விடுவாய், சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்து கூட்டிக்கொண்டு போவாய். பழைய புடவையைக் கிழித்து, உள்ளே துணி அடைத்து ஒரு மெத்தை தைத்துக் கேரியரில் கட்டியிருந்தேன். ஒரு பக்கமாக உட்கார்ந்துகொண்டு, மடியில் பையை வைத்துக்கொண்டு, உன் சீட்டின் அடிக்கம்பியைப் பிடித்துக்கொள்வேன். பின்னால் ஸ்பிரிங் இல்லாததால் ரோட்டில் இருக்கிற ஒவ்வொரு கல்லும் என் முதுகில் ஏறும். அதனால் நீ முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வருவாய். "மேடு வருதும்மா." நான் கொஞ்சம் எழுந்துகொள்வேன். "பள்ளம்." மறுபடியும் எழுந்துகொள்வேன். தெருவில் பார்த்தவர்கள் டீச்சர் சைக்கிளில் போகும்போது தோப்புக்கரணம் போடுகிறார்கள் என்று கிண்டல் செய்தார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் நீ என்னிடம் பேசியதை வேறு எப்போதும் பேசியதில்லை. கெமிஸ்ட்ரியில் ஃபெயில் ஆனதை அந்தக் கேரியரில்தான் கேட்டேன். டியூஷனில் ஒரு பெண் உன் நோட்டை வாங்கிப் போய்த் திருப்பித் தரவில்லை என்பதையும், அது உனக்கு வருத்தமாக இல்லை என்பதையும் அங்கேதான் கேட்டேன். நீ ரோட்டைப் பார்த்துக்கொண்டு பேசினாய், நான் உன் சட்டைக் காலரைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். முகத்துக்கு முகம் பார்த்திருந்தால் நான் திட்டியிருப்பேன். என் முகம் அப்படி. கவலையில் சுருங்கினாலும் கோபம் மாதிரிதான் தெரியும்.

நீ விழுந்த நாளைப் பற்றி எழுத வேண்டும். ப்ளஸ் ஒன் அரைப்பரீட்சை முடிந்த சமயம். முருகன் கோயில் மலைக்குப் பின்பக்கம் ஆடு மேய்க்கிறவர்கள் போய்வருகிற பாறைத் தடத்தில் நீ வண்டியோடு விழுந்துகிடந்தாய். கல்லுடைக்கிறவர்கள் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தோள் எலும்பு உடைந்திருந்தது. தலையில் அடி. நினைவு இல்லை. திருவள்ளூரில் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துவிட்டு, நாற்பத்தெட்டு மணி நேரம் போகட்டும், பார்க்கலாம் என்றார்கள். தூக்கி வந்தவர்களில் ஒருவர், பாறையில் இறங்கும்போது பின்சக்கரம் எகிறி உன்னைத் தூக்கி அடித்துவிட்டது என்று நைனாவிடம் சொன்னார். நான் பிசிக்ஸ் படித்தவள். முன்னால் ஸ்பிரிங் இருக்கிறது, பின்னால் இல்லை, அதனால்தான் எகிறியது என்று அந்த நிமிடமே எனக்குள் தீர்ப்பு எழுதிவிட்டேன். குற்றவாளி கிடைத்துவிட்டான். என் பயத்துக்கு எப்போதும் ஒரு குற்றவாளி வேண்டும் பாபு, கிடைத்துவிட்டால் கொஞ்சம் மூச்சு விடுவேன்.

எங்கள் அம்மா வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. வேண்டிக்கொள்வது என்றால் சும்மா தேங்காய் உடைக்கிறேன் என்று சொன்னால் போதாது. யாருக்காக வேண்டுகிறோமோ அவர்களுக்கு எது உயிரோ அதைக் கொடுக்க வேண்டும். எனக்கு டைபாய்டு வந்தபோது என் கொலுசைக் கொடுத்தார்கள். நான் பிழைத்தேன். ஆறு வயதில் பிழைத்து எழுந்து வெறும் காலைப் பார்த்து அழுதது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அது ஞாபகம் இருந்தும் நான் என்ன செய்தேன்? ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, முருகா, அவன் வண்டியை உனக்கே கொடுத்துவிடுகிறேன், அவனை எனக்குக் கொடு என்று கேட்டேன். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. கண் விழித்த பிறகு செலுத்தலாம் என்று காத்திருந்திருக்கலாம். மறுநாள் காலையிலேயே ஊருக்கு வந்துவிட்டேன், அந்த வண்டியை எடுத்துக்கொண்டு போக. நைனா கூடவே வந்தார். வாசலில் நின்று சொன்னார்: "அவன் கண்ணத் தொறக்கட்டும்மே. அவன ஒரு வார்த்தை கேட்டுகினு பண்ணலாம். அது அவன் வண்டி." சாமியிடம் தவணை சொல்லக்கூடாது என்றேன். "வேண்டிக்கிறதுன்னா நம்ம பொருள இல்ல வேண்டிக்கணும்," என்றார். உங்களுக்குப் பிள்ளை வேண்டாமா என்று கேட்டேன். அந்த ஒரு கேள்வியில் அவர் வாயை மூடிவிட்டேன். இன்றுவரை அதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

முன்சக்கரம் வளைந்திருந்ததால் உருட்ட முடியவில்லை. ஹேண்டில்பாரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்சக்கரத்தில் உருட்டியபடி மலை ரோட்டில் ஏறினேன். நைனா பிடிக்க வந்தபோது தொடவிடவில்லை. கஷ்டப்பட்டுக் கொண்டுபோனால்தான் பலிக்கும் என்று ஒரு எண்ணம். மேலே கொண்டுபோய் மஞ்சள் குங்குமம் வைத்து ஒப்படைத்துவிட்டு இறங்கினேன். கேரியரில் அந்த மெத்தை கட்டியபடியே இருந்ததைப் பாதி வழி வந்த பிறகுதான் நினைத்தேன். அன்று சாயங்காலமே நீ கண்ணைத் திறந்தாய். அதுதான் பெரிய ஆபத்தாகப் போய்விட்டது. நீ கண் திறந்திராவிட்டால் நான் செத்தே போயிருப்பேன், அது வேறு. ஆனால் அன்றைக்கே கண் திறந்ததால், நான் செய்தது சரி என்று அடுத்த எட்டு வருடத்துக்கும் எனக்கு ஒரு முத்திரை கிடைத்துவிட்டது.

நீ கேட்ட முதல் வார்த்தை, "வண்டி?" பாய் கடையில் இருக்கிறது, கோணல் எடுக்கிறார் என்று சொன்னேன். மூன்று வாரம் அந்தப் பொய்யை வைத்துக்கொண்டிருந்தேன். நடுவில் நீ கேட்பாய், ஸ்போக் எல்லாம் மாற்றுகிறாரா, ஃபோர்க் தப்பித்ததா என்று. எல்லாவற்றுக்கும் ஆங், ஆங் என்று தலையாட்டினேன். அந்த மூன்று வாரத்துக்குள் சென்னைக்குப் போய் அந்த மஞ்சள் வண்டியை வாங்கிவந்தேன். முன்னாலும் ஷாக்கப்சர், பின்னாலும் ஷாக்கப்சர். சீட்டுக்குக் கீழே கட்டை விரல் தடிமனுக்குச் சிவப்பு ஸ்பிரிங். கடைக்காரர் சீட்டை அமுக்கிக் காட்டியதும் அது மெத்தை மாதிரி இறங்கி எழுந்தது. என் பிள்ளையின் முதுகில் இனி ஒரு கல் ஏறாது என்று நினைத்தேன். வாசலில் மாலை போட்டு நிறுத்தியிருந்தேன். ஆட்டோவை விட்டு இறங்கியதும் அதைப் பார்த்தாய். சுற்றி ஒரு தடவை பார்த்தாய். அதற்குப் பின்னால் வேறு எதையோ தேடுகிற மாதிரி எட்டிப் பார்த்தாய்.

"நம்ம வண்டி எங்கம்மா?"

மலையில் கொடுத்துவிட்டேன் என்று சொன்னேன். நீ கத்துவாய் என்று நினைத்துப் பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். நீ கத்தவில்லை. கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். நைனா என்னைப் பார்க்காமல் மாலையைக் கழற்றிச் சுருட்டி வைத்தார்.

தோள் சரியான பிறகு அதை ஓட்டத்தான் செய்தாய். வேறு என்ன வண்டி இருந்தது உனக்கு? முதல் நாள் பாய் கடைக்குப் போய் நின்றபோது நானும் வந்திருந்தேன். "மிதிச்சா ஊஞ்சல் மாதிரி ஆடுது பாய். ஏத்தத்துல மிதிக்கிற மிதி பாதி ஸ்பிரிங்குக்கே போய்டுது," என்றாய். பாய் ஸ்பிரிங்கை ஒரு திருகு இறுக்கிப் பார்த்தார், இளக்கிப் பார்த்தார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். வகுப்பில் பாடம் எடுக்கிற மாதிரி, அதிர்வை ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும், உடம்புக்கு வராது, அதற்குத்தான் அது என்று விளக்கினேன். நீ குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே, "வரணும்மா. பின்னாடி இன்னா இருக்குதுன்னு முதுகுல தெரியணும். இதுல ஒண்ணுமே தெரில," என்றாய். எனக்கு அது விளங்கவில்லை. அடி படாமல் இருப்பது நல்லதுதானே என்று கேட்டேன். பாய் என்னைப் பார்த்த பார்வையில், பாவம் இந்தம்மா என்று இருந்தது.

அன்றைக்கே கேரியரையும் மாட்டிவிடலாம் என்று கேட்டேன். பாய் சிரித்துவிட்டார். "டீச்சரம்மா, இதுல பின்சக்கரம் மேலயும் கீழயும் ஆடிகினு இருக்கும். கேரியர எங்க புடிச்சி மாட்டறது? ஒரு பள்ளத்துல எறங்குனா கேரியரும் போவும், நீங்களும் போவீங்க." சும்மா தமாஷாகத்தான் சொன்னார். வாங்கும்போது ஸ்பிரிங்கைப் பார்த்தேன், பிரேக்கைப் பார்த்தேன், கடையில் நின்று பத்துத் தடவை அமுக்கிப் பார்த்தேன். நான் எங்கே உட்காருவேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு மூன்று நாள் நீ வண்டியைத் தள்ளிக்கொண்டே என்னோடு பஸ் ஸ்டாண்டு வரை நடந்துவந்தாய். பக்கத்தில் பக்கத்தில் நடந்தோம், ஒன்றும் பேசவில்லை. நான்காம் நாள் நானே, உனக்கு ஸ்கூலுக்கு நேரமாகிவிடும், நீ போ, நான் நடந்து போகிறேன் என்றேன். நீ உடனே ஏறிப் போய்விட்டாய். தெரு முனையில் இருக்கிற அந்தப் பள்ளத்தில் வண்டி பூ மாதிரி இறங்கி ஏறியது. பள்ளம் என்று யாருக்கும் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆறு மாதத்தில் உனக்கு அந்த மஞ்சள் வண்டி கைக்குப் பழகிவிட்டது. ஏற்றத்தில் திட்டிக்கொண்டே ஏறினாய், இறக்கத்தில் பறந்தாய். பழைய வண்டியில் நீ இறங்கி உருட்டிக்கொண்டு போகிற பாறையில் எல்லாம் இதில் உட்கார்ந்தபடியே இறங்குகிறாய் என்று உன் சிநேகிதர்கள் பெருமையாகச் சொன்னார்கள். இவனுக்கு ஏன் இப்படிப் பயமே இல்லாமல் போயிற்று என்று பாயிடம் போய் அழாத குறையாகக் கேட்டேன். "பழைய வண்டி அடிச்சி அடிச்சி பயத்தச் சொல்லிக் குடுத்துகினு இருந்துச்சும்மா. இது குடுக்காது," என்றார். உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று உன் வேகத்தைக் கூட்டிக் கொடுத்திருக்கிறேன். அதற்கும் நான் என்ன செய்தேன்? போய் வேண்டிக்கொண்டேன். அவன் விழாமல் இருந்தால் மொட்டை போடுகிறேன் என்று. மொட்டை எனக்கா? உனக்கு. காலேஜ் முதல் நாள் மொட்டைத் தலையோடு போனாயே, நான்கு வருடமும் உனக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது என்று ரேவதி சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆடிக் கிருத்திகைக்கு நீ எடுத்த காவடி, ஒரு வருடம் நீ விட்ட சனிக்கிழமைச் சாப்பாடு, எல்லாம் நான் வாயால் சொன்னது, நீ உடம்பால் கொடுத்தது. ஒரு தடவையாவது என் பொருள் எதையாவது, என் உடம்பிலிருந்து ஒரு பிடி முடியையாவது நான் சொன்னதில்லை. சுயநலத்தால் இல்லை பாபு. சத்தியமாக அப்படித் தோன்றவே இல்லை. நீ வேறு, நான் வேறு என்றே எனக்குத் தோன்றியதில்லை. உன்னுடையது எல்லாம் என்னுடையது என்று நினைத்துத்தான் கொடுத்தேன்.

பொதட்டூர்பேட்டை லுங்கிக்காரரை நீ மறந்திருக்க மாட்டாய். நீ ப்ளஸ் டூ முடித்த கோடை. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் காய் வாங்கிக்கொண்டு இருவரும் நிற்கிறோம். ஒருவர் கேரியரில் லுங்கிக் கட்டுகளைக் கயிறு போட்டுக் கட்டி உருட்டிக்கொண்டு வந்தார். கரும்பச்சை வண்டி. நீ பையைக் கீழே வைத்துவிட்டு நேரே போய் ஹேண்டில்பாரைப் பிடித்தாய். அவர் முதலில் பயந்துவிட்டார். நீ முன்னால் இருக்கிற ஷாக்கப்சரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாய். அவருக்கே புரிந்துவிட்டது.

"உன் வண்டியா தம்பி? மலையில ஏலம் உட்டாங்க, எடுத்தேன்," என்றார். நீ தலையசைத்தாய். நல்ல மனிதர். "பாக்கவே தெரியுது, ஆசையா வச்சிருந்த வண்டின்னு. எனக்கு பாரம் ஏத்த எந்த வண்டியா இருந்தா இன்னா? வோணும்னா எடுத்துக்கோ. எனக்கு வேற ஒண்ணு பாத்துக் குடுத்தா போதும்."

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். அந்தப் பார்வையில் பதினேழு வயது இல்லை, ஏழு வயதுதான் இருந்தது. வாங்கித் தருகிறாயா என்று கேட்கிற பார்வை. மஞ்சள் வண்டியை அவருக்குக் கொடுக்க முடியாது, அதில் பாரம் கட்ட முடியாது. வேறு ஒரு பழைய சைக்கிளைப் பாயிடம் சொல்லி ஏற்பாடு செய்திருக்கலாம். ஒரு மணி நேர வேலை. எனக்கு அப்போது ஆஸ்பத்திரி வராந்தாதான் கண்ணுக்குத் தெரிந்தது. கொடுத்ததைத் திரும்ப எடுத்தால், கொடுத்து வாங்கியதும் திரும்பப் போய்விடுமே என்று. "வேணாங்க. சாமிக்குக் குடுத்தது குடுத்ததுதான். நீங்க கெளம்புங்க," என்று நான் சொன்னேன்.

நீ கையை எடுத்துவிட்டாய். உடனே எடுக்கவில்லை, ஒவ்வொரு விரலாக எடுத்தாய். பையைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்து போனாய். அதற்குப் பிறகு நீ என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாய், சாப்பாடு நன்றாக இருக்கிறது என்றாய், காலேஜிலிருந்து வாரம் ஒரு கார்டு போட்டாய். உன் வயதுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அல்லாடுகிறவர்கள் எல்லாம், உன் பிள்ளை மாதிரி உண்டா என்று என்னிடம் சொல்வார்கள். ஆங் என்று சொல்லிவிட்டு வருவேன். வேலைக்குப் புனே போகும்போது மஞ்சள் வண்டியை யாருக்கோ கொடுத்துவிட்டாய். யாருக்கு என்று நீ சொல்லவில்லை. கேட்கிற உரிமை எனக்கு இருக்கிறதா என்று தெரியாததால் நானும் கேட்கவில்லை.

இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. எனக்குத் தெரிந்துவிட்டது என்பது உனக்குத் தெரியாது. போன வருடம் உன் கல்யாணம் முடிந்து நாங்கள் ரயிலில் திரும்பும்போது நைனா சொன்னார். வழியெல்லாம் நான் உன் பழைய கதைகளையே பேசிக்கொண்டு வந்தேன். அந்த வண்டியைக் கொடுத்ததால்தான் இன்றைக்கு அவனை மாலையும் கழுத்துமாகப் பார்க்க முடிந்தது என்று நான் சொன்னதும், அவருக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது.

"அன்னிக்கு அவன் ஏன் அந்தப் பாறை வழியா வந்தான்னு உனக்குத் தெரியுமா?" என்றார். விளையாட்டுத்தனம், வேறென்ன என்றேன். "ஆஸ்பத்திரியில என்கிட்ட சொன்னான். அம்மா பஸ்ஸு அஞ்சு மணிக்கு வந்துடும், ரோட்டு வழியா சுத்திகினு வந்தா லேட்டாயிடும்னு குறுக்க எறங்கிட்டேன் நைனான்னான். அம்மாகிட்ட சொல்லாதன்னான். நானும் சொல்லல."

அதற்கு முந்தின நாள் நீ பத்து நிமிடம் தாமதமாக வந்தாய். பஸ் ஸ்டாண்டில், கூட வேலை பார்க்கிற டீச்சர்கள் நிற்கும்போதே உன்னைத் திட்டினேன். பத்து நிமிடத்தில் உனக்கு என்னென்னவோ ஆகிவிட்டதாக நினைத்துப் பயந்துபோய் நின்றேன், நீ வந்ததும் அந்தப் பயமெல்லாம் திட்டாக வந்தது. நாளைக்கு நேரத்துக்கு வரவில்லை என்றால் வரவே வேண்டாம் என்றேன். அந்த வார்த்தை எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. ஆக வண்டி உன்னைத் தூக்கி அடிக்கவில்லை, பின்னால் ஸ்பிரிங் இல்லாததும் காரணம் இல்லை. நீ அந்தத் தலைக் கட்டோடு படுத்துக்கொண்டு, அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்று என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாய். நான் சென்னைக் கடையில் மஞ்சள் வண்டியின் ஸ்பிரிங்கை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரயில் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதேன். நைனா தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்தார். இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா நீ அதுக்கும் ஏதாவது வேண்டிப்ப," என்றார்.

ஒரு வருடமாக எழுத நினைத்து எழுதாமலே இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை நீ அப்படிக் கேட்டதும் இனித் தள்ள முடியாது என்று தோன்றிவிட்டது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நீ போனை வைத்ததுமே என் வாய் ஆரம்பித்துவிட்டது. முருகா, இந்த ஒரு தடவை மட்டும் என்று. குழந்தைக்கு முதல் முடி இங்கேதான், காது குத்துவது இங்கேதான், பெண்ணாக இருந்தால் உன் பெயர்தான், ஆணாக இருந்தால்... என்று வரிசையாக வந்தது. இன்னும் பிறக்காத பிள்ளையின் முடியையும் காதையும் பெயரையும் எடுத்துக் கொடுக்கப் பார்த்தேன். உதட்டைக் கடித்து நிறுத்தினேன். நிறுத்திய பிறகு என்ன செய்வது என்று தெரியவில்லை. பயந்தால் அதைத் தவிர எனக்கு வேறு ஒன்றும் செய்யத் தெரியாது.

திங்கட்கிழமை காலையில் மலைக்குப் போனேன். போகக்கூடாது என்று நீ சொல்லவில்லையே. வரிசையில் நின்று சன்னிதிக்குப் போனதும் குருக்கள் அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு வழக்கம்போல் பெயர், நட்சத்திரம் கேட்டார். நீ பிறந்ததிலிருந்து அந்த இடத்தில் நான் சொன்னது உன் பெயர்தான். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பின்னால் இருந்தவர்கள் நெருக்குகிறார்கள், சீக்கிரம் சொல்லுங்கம்மா என்கிறார் அவர். என் பெயரைச் சொன்னேன். நட்சத்திரம் சொல்லக் கொஞ்ச நேரம் பிடித்தது, என்னுடையது எனக்குச் சட்டென்று வரவில்லை. அவர் மந்திரத்தோடு என் பெயரைச் சேர்த்துச் சொன்னபோது யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை பாபு. உண்டியல் பக்கம் வந்ததும் கை தானாக வளையலுக்குப் போனது. இது என்னுடையதுதானே, இதைப் போடலாமே என்று நினைத்தேன். அப்புறம், இதுவும் பேரம்தான் என்று தோன்றியது. உன்னுடையதைக் கொடு என்று நீ கேட்கவில்லை, வேண்டிக்கொள்ளாதே என்றுதான் கேட்டாய். கையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். கீழே வருவதற்குள் மூன்று இடத்தில் நின்றேன், திரும்பிப் போய்விடலாமா என்று.

இதை உனக்காகச் செய்தேன் என்று பெருமை பேச வரவில்லை. எனக்கு எவ்வளவு பயமாக இருக்கிறது தெரியுமா? ஏதாவது ஒன்று ஆகிவிட்டால், நான் வேண்டிக்கொள்ளாததால்தான் இப்படி ஆயிற்று என்று என் மனது எனக்குச் சொல்லும். சாகிறவரைக்கும் சொல்லும். சொல்லட்டும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். அதைத் தூக்கிக்கொண்டு உன் வாசலுக்கோ ரேவதியிடமோ வரமாட்டேன். நீ கேட்டு நான் கொடுக்கிற முதல் பொருள் இதுதான் என்று நினைக்கிறேன். இத்தனை நாள் நீ கேட்காததையெல்லாம் கொடுத்தேன், கேட்டதை எடுத்துக்கொண்டேன்.

உனக்கும் இந்தப் பயம் வரும். தகப்பன் ஆகப்போகிறாய், என் ரத்தமும் உனக்குள் ஓடுகிறது. குழந்தை அழுதால் எதன் மேலாவது பழி போடத் தோன்றும். அதற்குப் பிடித்ததைப் பிடுங்கிவிட்டு, அதைவிடப் பெரிதாக, மெத்தென்று ஒன்றை வாங்கி வாசலில் மாலை போட்டு நிறுத்தத் தோன்றும். அப்போது நைனா சொன்ன மாதிரி செய். ஒரு வார்த்தை கேள். பேசத் தெரியாத வயதாக இருந்தால் பேசுகிறவரைக்கும் பொறுத்திரு. அந்தப் பொறுமை என்னிடமிருந்து உனக்கு வராது, நைனாவிடமிருந்து வந்திருக்கும் என்று நம்புகிறேன்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் அங்கே என்ன ஆகியிருக்குமோ தெரியாது. மூன்று நாளாக நீ கூப்பிடவில்லை. நான் பயப்படுவேன் என்று ஏதாவது மறைக்கிறாயோ என்று நினைக்கிறேன். ஆஸ்பத்திரிப் படுக்கையிலேயே என்னிடம் மறைக்கக் கற்றுக்கொண்டவன் நீ. கற்றுக்கொடுத்தவள் நான். நல்ல செய்தி வந்த பிறகு சொல்லலாம் என்று காத்திருக்காதே. பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று சொல். குழந்தை தங்கினாலும் சொல், தங்காவிட்டாலும் அன்றைக்கே சொல். எத்தனை மணியானாலும் எடுக்கிறேன். நான் குறுக்கே பேச மாட்டேன். நீ சொல்கிறதைக் கேட்டுக்கொள்வேன், அவ்வளவுதான். எதையும் எடுத்துக்கொண்டு எங்கேயும் ஓட மாட்டேன்.

அம்மா